உதாரண முகவரியும் உண்மை முகவரியும்

கடிதம் எழுதுவது ஒரு கலை. எழுதிய கடிதத்தை உரியவரிடம் சேர்ப்பிப்பது ஓர் ஒழுங்கு. கலையிற் குறை நேர்ந்தால் படிப்பவர் மனம் சலிப்பார். ஒழுங்கிற் குறை நேர்ந்தாலோ கடிதம் படிப்பவரைச் சென்றடையவே மாட்டாது. அன்றேல், அது சேரக்கூடாத ஒருவரிடம் சென்று சேரும். தபாற் கந்தோரிலே கடிதங்களைத் தெரிந்து வகுக்கும் உத்தியோகத்தர், கிறுக்கலான எழுத்தையும் அரைகுறை முகவரியையும் தமது அனுபவத்தால் ஊகித்தறிந்து கொள்வர். ஆயின் மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் யந்திரத்திற்கு ஊகம் என்பது இயல்பாக அமைந்ததன்று. மனிதர் வகுத்துக் கொடுத்த விதியே அதற்குக் கண்ணும் அறிவுமாகும். அவ்விதிகள் எவ்வாறு தோன்றின, எங்கே வழுவின, அவ்வழுக்களால் அயலார்க்கு நேர்ந்த இடையூறுகள் யாவை என்பன ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டதொரு சரித்திரமாகும்.

1971ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரிலே, றே ரொம்லின்சன் என்னும் பொறியியலாளர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு முதன்முதலாக ஒரு செய்தியை வலையமைப்பினூடாக அனுப்பினார். இரு கணினிகளும் ஒரே அறையில் அருகருகே இருந்தவை. எனினும் அவற்றிடையே இருந்த தொடர்பு, அர்ப்பாநெற் என்னும் அக்கால வலையமைப்பின் வழியாக மட்டுமே அமைந்திருந்தது. ஆளின் பெயரையும் அவர் உபயோகிக்கும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்டுவதற்கு ஒரு குறி வேண்டியிருந்தது. ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தை ஒரு வால் சுற்றி வளைத்தாற்போன்ற, 'அற்' என வாசிக்கப்படும் குறியை அவர் தேர்ந்தெடுத்தார். கடைக்காரரின் விலைப்பட்டியலிற் கிடந்த குறியொன்று, இவ்வாறு உலகத்தார் அனைவரின் முகவரியிலும் இடம்பெறலாயிற்று.

ஆயினும் அக்குறிதானும் எங்கும் தடையின்றி ஏற்கப்படவில்லை. அக்காலத்தில் மல்ரிக்ஸ் என்னும் கணினித் தொகுதியைப் பாவித்தோர் அக்குறியைத் தட்டினால், அதுவரை எழுதிய வரி முழுவதும் அழிந்துபோகும். ஓரிடத்தில் முகவரியின் நடுவிலே நிற்கும் எழுத்து, மற்றோரிடத்தில் வரியையே துடைக்கும் கட்டளையாக இருந்தது. இரு யந்திரங்கள் ஒன்றோடொன்று பேசவேண்டுமாயின், முதலில் அவற்றை ஆள்வோர் ஒருவரோடொருவர் பேசி உடன்பாடு காணவேண்டும் என்பதை இச்சிறு முரண்பாடே நன்கு உணர்த்திற்று.

அவ்வுடன்பாட்டைத் தேடும் பணிக்கு வழியொன்று ஏற்கெனவே இருந்தது. 1969ஆம் ஆண்டில் ஸ்ரீவ் குறொக்கர் என்பவர் தொடக்கிவைத்த 'கருத்துக் கோரல்' என்னும் தொடரறிக்கைகளே அவை. ஆணை பிறப்பிப்பதாக அன்றி, பிறரின் அபிப்பிராயத்தை வேண்டுவதாக அவற்றின் பெயரே அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. அத்தொடரின் 561ஆம் அறிக்கை 1973ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் வெளிவந்தது. அபய் பூஷண், கென் போக்ரன், ரொம்லின்சன், ஜிம் உவைற் ஆகிய நால்வரும் சேர்ந்து எழுதிய அவ்வறிக்கை, ஒவ்வொரு மடலின் மேற்பகுதியிலும் அனுப்புநர், திகதி, விடயம் என்பன இன்ன முறையில் வரவேண்டும் என எடுத்துரைத்தது. மின்னஞ்சலின் தலைப்பகுதி என இன்று நாம் வழங்குவதற்கு அதுவே வித்தாகும்.

1977ஆம் ஆண்டில் 733ஆம் அறிக்கை அவ்விதிகளை விரித்துரைத்தது. மல்ரிக்ஸ் பாவனையாளரின் இடர்ப்பாட்டைக் கருதி, சுழிக்குறிக்குப் பதிலாக 'அற்' என்ற சொல்லையே எழுத்துக்கூட்டி எழுதலாம் எனவும் அது இடங்கொடுத்தது. 1982ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதத்தில் வந்த 822ஆம் அறிக்கை அச்சலுகையை நீக்கி, குறி ஒன்றே செல்லும் என வரையறுத்தது. இதனை எழுதியவர் டேவிட் குறொக்கர்; தொடரறிக்கைகளைத் தொடக்கிய ஸ்ரீவ் குறொக்கரின் சகோதரர். பிற்காலத்தில் 2001ஆம் ஆண்டிலும் 2008ஆம் ஆண்டிலும் அவ்விதிகள் புதுக்கப்பட்டனவாயினும், அடிப்படை பெரிதும் மாறவில்லை.

அவ்வடிப்படை மிக எளியது. தலைப்பகுதியின் ஒவ்வோர் உறுப்பிலும் முதலிற் பெயரும், அதனையடுத்து முக்காற்புள்ளியும், பின்னர் அதற்குரிய செய்தியும் வரவேண்டும். ஓர் உறுப்பு ஒரு வரியில் அடங்காதாயின், அடுத்த வரியைச் சிறிது இடம் விட்டுத் தொடங்கவேண்டும். அவ்வெற்றிடமே 'இது முன்வரியின் தொடர்ச்சி' என்பதற்கு அடையாளம். தலைப்பகுதி முடிந்ததும் வெறுவரி ஒன்று வரவேண்டும். அதன்பின் வருவதெல்லாம் மடலின் உடல். இதனோடு நினைவிற் கொள்ளத்தக்க மற்றொன்றும் உண்டு. அதே 1982ஆம் ஆண்டில் ஜொன் பொஸ்ரெல் எழுதிய 821ஆம் அறிக்கை, மடலைக் கொண்டுசெல்லும் முறையை வகுத்தது. அம்முறைப்படி, அஞ்சற் கணினிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் முகவரி வேறு. மடலின் தலைப்பகுதியில் நாம் காணும் முகவரி வேறு. முன்னது கடிதவுறையின் மேல் எழுதிய விலாசம் போன்றது. பின்னது உள்ளே கடிதத்தாளின் தலையில் எழுதியது போன்றது. உறை ஒருவரின் பெயரையும் தாள் வேறொருவரின் பெயரையும் தாங்கி வருவது இயலும். வஞ்சகர் பிறர் பெயரில் மடல் விடுப்பதற்கு இவ்விடைவெளி வாய்ப்பாயிற்று.

விதிகள் எளியனவாயினும் வழுக்கள் பெருகின. தலைப்பகுதியின் நடுவே வெறுவரி ஒன்று தவறி விழுந்துவிட்டால், அதன்கீழ் உள்ள உறுப்புகள் யாவும் மடலின் உடலாகக் கொள்ளப்படும். விடயமும் பெறுநர் பெயரும் கடிதத்தின் வாசகங்கள்போற் காட்சியளிக்கும். குடும்பப் பெயரை முன்வைத்துக் காற்புள்ளியிட்டுத் தம் பெயரை எழுதுவது மேனாட்டார் வழக்கம். விதிகளோ இரு முகவரிகளைப் பிரிப்பதற்குக் காற்புள்ளியை வைத்திருந்தன. ஆகவே அப்பெயரை மேற்கோட் குறிக்குள் அடைக்காது விட்டால், யந்திரம் ஒருவரை இருவராகக் கொள்ளும். தந்தையின் பெயரின் முதலெழுத்தை எழுதிப் புள்ளியிட்டுத் தம் பெயரை எழுதும் நம்மவர் வழக்கமும் இத்தகையதே. 1982ஆம் ஆண்டின் விதிப்படி அப்புள்ளியும் மேற்கோட் குறிக்குள் அடங்கவேண்டிய விசேட குறியாகும். உலகெங்கும் மக்கள் அவ்வாறு அடைக்காமலே எழுதி வந்தமையால், 2001ஆம் ஆண்டின் அறிக்கை அத்தகைய பெயர்களையும் யந்திரங்கள் வாசித்தறிய வேண்டும் எனக் கூறிற்று.

திகதியிலும் ஒரு விநோதம் நேர்ந்தது. 822ஆம் அறிக்கை ஆண்டை ஈரிலக்கத்தில் எழுதும்படி விதித்தது. நூற்றாண்டு மாறும்போது இது குழப்பம் விளைக்கும் என உணர்ந்து, 1989ஆம் ஆண்டின் 1123ஆம் அறிக்கை நான்கிலக்கத்தை வற்புறுத்திற்று. ஆயினும் சில நிரல்கள் நடப்பாண்டிலிருந்து 1900ஐக் கழித்து வரும் எண்ணையே ஆண்டாக எழுதிவந்தன. 1999ஆம் ஆண்டு வரை அது 99 என நின்றது. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் 100 ஆயிற்று. ஆகவே 2001ஆம் ஆண்டின் அறிக்கை, மூன்றிலக்க ஆண்டு காணப்படின் அதனுடன் 1900ஐக் கூட்டிக்கொள்க என ஒரு பரிகாரத்தைச் சேர்த்தது. ஒருவர் செய்த சிறு கவலையீனத்திற்கு உலகமனைத்தும் பரிகாரம் தேடவேண்டியிருந்தது.

தமிழில் மடல் எழுதுவோர்க்கு நேர்ந்த இடர் வேறு வகையினது. தொடக்ககால விதிகள் ஆங்கில எழுத்துகளையும் இலக்கங்களையும் சில குறிகளையும் மட்டுமே அறிந்தவை. 1992ஆம் ஆண்டில் கீத் மூர் எழுதிய 1342ஆம் அறிக்கை, பிறமொழி எழுத்துகளை ஆங்கில எழுத்துகளாகிய மாற்றுருவில் எழுதித் தலைப்பகுதியில் இடுவதற்கு வழிகாட்டிற்று. அவ்வாறு மாற்றிய துண்டு ஒவ்வொன்றும் 75 எழுத்துகளுக்கு மேற்படலாகாது. இன்று வழங்கும் யூனிக்கோட் குறிமுறையிலே தமிழ்க் குறியொன்றிற்கு மூன்று அலகுகள் வேண்டும். கணக்கிட்டுப் பார்ப்பின், யூ.ரி.எப்.-8 முறையைப் பின்பற்றும் ஒரு துண்டினுள் பதினைந்து தமிழ்க் குறிகளே அடங்கும். கொம்பும் காலும் பெறும் எழுத்து ஒன்று இரு குறிகளை எடுத்துக்கொள்ளும். ஆகவே தமிழ்த் தலைப்பொன்று பெரும்பாலும் இரண்டு மூன்று துண்டுகளாகவே பயணஞ் செய்யும். எழுத்தின் நடுவே வெட்டாமல் முழுக்குறியாகவே பிரிக்கவேண்டும் என்பது விதி. அவ்விதியைப் பேணாத நிரல் வெட்டிய இடத்திலெல்லாம் வினாக்குறிகளும் சதுரங்களும் தோன்றின. தமிழ்க் கடிதம் கிடைத்தும் அதன் விடயம் யாதென அறியாது திகைத்தவர் பலர். பிறமொழி எழுத்துகளைத் தலைப்பகுதியில் நேரடியாகவே எழுதலாம் என்ற விதி 2012ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

வழுவுள்ள மடலைச் சோதிப்போர் கைக்கொள்ளும் முறையும் அறியத்தக்கதே. மடல் கடந்து செல்லும் ஒவ்வோர் அஞ்சற் கணினியும், 'இன்னாரிடமிருந்து இன்ன நேரத்திற் பெற்றுக்கொண்டேன்' என ஒரு வரியைத் தலைப்பகுதியின் உச்சியிற் சேர்க்கும். தபால் நிலையங்கள் தோறும் குத்தப்படும் முத்திரை போன்றது இது. ஆதலால் பயணத்தை அறிய விரும்புவோர் அவ்வரிகளைக் கீழிருந்து மேலாக வாசித்தல் வேண்டும். ஆயின் எல்லா முத்திரையும் நம்பத்தக்கதன்று. தமது சொந்த அஞ்சற் கணினி இட்ட வரி உறுதியானது. அதற்குக் கீழே உள்ளவற்றை மடல் விடுத்தவரே பொய்யாக எழுதியிருக்கவும் கூடும்.

இத்துணை வழுக்களுக்கிடையிலும் மின்னஞ்சல் எவ்வாறு நிலைபெற்றது என்னும் வினா எழலாம். பொஸ்ரெல் 1980ஆம் ஆண்டில் எடுத்துரைத்த ஒரு கொள்கையே அதற்குப் பெருங்காரணம் எனலாம். அனுப்புவோன் விதியை இம்மியும் வழுவாது பேணவேண்டும். பெறுவோனோ பிறர் வழுவைப் பொறுத்து, பொருளறிந்து ஏற்கவேண்டும் என்பது அதன் சாரம். வெவ்வேறு ஸ்தாபனத்தார் வெவ்வேறு காலத்திற் செய்த கணினிகள் ஒன்றோடொன்று உறவாடுவதற்கு அப்பொறுமை இன்றியமையாததாயிற்று.

ஆயின் அப்பொறுமைக்கும் விலை உண்டு. பெறுவோன் வாய்திறவாது வழுவை மன்னித்துவிடுவதனால், அனுப்புவோன் தான் வழுவியதையே அறியான். காலப்போக்கில் வழுவே வழக்காகிவிடும். ஏடு பெயர்த்தெழுதுவோர் ஐயமான இடங்களை ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றியவாறு திருத்தினால், ஒரு நூலுக்குப் பல பாடங்கள் உண்டாவது போன்றதே இதுவும். அனுப்புநர் வரி ஒன்றே இருத்தல் வேண்டும் என்பது விதி. இரண்டு வரிகளுடன் மடலொன்று வருமாயின், காவல் செய்யும் நிரல் முதலாவதைப் பார்த்து நல்லவரெனத் தீர்மானிக்கவும், படிப்பவரின் திரையோ இரண்டாவதைக் காட்டவும் கூடும். 2014ஆம் ஆண்டில் வெளிவந்த 7103ஆம் அறிக்கை, இத்தகைய வழுவுற்ற மடல்களைப் பாதுகாப்பாகக் கையாளும் முறைகளைத் தொகுத்துரைத்தது. 2023ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் மற்றுமோர் அபாயம் வெளிப்பட்டது. மடல் முடிந்தது என்பதற்குரிய அடையாளத்தைச் சில அஞ்சற் கணினிகள் கண்டிப்பாகவும், சில தளர்வாகவும் வாசித்தமையால், ஒரு மடலின் வயிற்றினுள் பிறர் பெயரில் எழுதிய இன்னொரு மடலை ஒளித்தனுப்ப முடியும் என ஆராய்ச்சியாளர் காட்டினர். தாட்சணியம் தாழ்ப்பாளற்ற கதவாகி விடலாகாது என்பது தெளிவாயிற்று.

வழுக்களைச் சோதிக்க வேண்டுமாயின் மாதிரி மடல்கள் வேண்டும். மாதிரி மடலுக்கு மாதிரி முகவரி வேண்டும். பாடநூல் எழுதுவோர்க்கும் கைந்நூல் எழுதுவோர்க்கும் இத்தேவை உண்டு. மனம்போன போக்கில் ஒரு பெயரைக் கற்பனை செய்து எழுதுவது எளிது. ஆனால் இணையத்திலே கணினிகளுக்கும் ஸ்தாபனங்களுக்கும் வழங்கும் ஆள்களப் பெயர்கள், பணங்கொடுத்து யாவரும் பதிவுசெய்துகொள்ளத் தக்கவை. இன்று கற்பனைப் பெயராக இருப்பது நாளை ஒருவரின் உண்மை வாசற்படியாகிவிடும். அன்று தொட்டு, பாடநூலைப் பார்த்துப் பயிலும் மாணவர் அனைவரும் அவர் வாசற்கதவையே தட்டுவர்.

இவ்விடரைத் தவிர்க்கவே 1999ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், டொனல்ட் ஈஸ்ற்லேக், அலீசா பனிற்ஸ் ஆகிய இருவரும் 2606ஆம் அறிக்கையை எழுதினர். அது நான்கு ஈற்றுப் பெயர்களை எவருக்கும் உரிமையாகாதவாறு ஒதுக்கிவைத்தது. சோதனைக்கு 'ரெஸ்ற்', நூல்களிற் காட்டும் எடுத்துக்காட்டுக்கு 'எக்ஸாம்பிள்', செல்லாதது என்பது பார்த்தவுடனே புலப்படவேண்டிய இடத்துக்கு 'இன்வலிட்', தன் கணினியைத் தானே சுட்டுவதற்கு 'லோக்கல்ஹோஸ்ற்'. இவையன்றி, எக்ஸாம்பிள் டொட் கொம், எக்ஸாம்பிள் டொட் நெற், எக்ஸாம்பிள் டொட் ஓர்க் என்னும் மூன்று பெயர்களும் பெயர்ப்பதிவை மேற்பார்வை செய்யும் ஸ்தாபனத்தின் காப்பில் உள்ளன என அது அறிவித்தது. ஊர்ப் பொதுநிலம் எவர் பெயரிலும் உறுதி எழுதப்படாது நிற்பது போல, இப்பெயர்கள் பொதுவில் நிற்கின்றன. அப்பெயர்களை நிரல்கள் எவ்வாறு நடத்தவேண்டும் என்பதை 2013ஆம் ஆண்டின் 6761ஆம் அறிக்கை மேலும் வரையறுத்தது.

நல்ல வழி காட்டப்பட்டும் உலகம் உடனே அதன்வழி நடந்ததா எனின், இல்லை. மறு ஆண்டாகிய 2000ஆம் ஆண்டிலே, 'பதில் எழுதற்க' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரை ஆள்களப் பெயராக அமெரிக்கர் ஒருவர் பதிவுசெய்துகொண்டார். பல ஸ்தாபனங்கள் தம் வாடிக்கையாளருக்கு விடுக்கும் மடல்களில், அது எவருக்கும் உரியதன்று என எண்ணி, அப்பெயரையே அனுப்புநர் முகவரியாக எழுதிவந்தன. அதனால் வாடிக்கையாளர் எழுதிய பதில்களும், சேராது திரும்பிய மடல்களும் அவரிடம் வந்து குவிந்தன. அவற்றுள் வங்கி அலுவல்கள் சார்ந்த அந்தரங்கச் செய்திகளும் இருந்தன என்பது 2008ஆம் ஆண்டிலே பத்திரிகை வாயிலாக வெளிவந்தது. அவர் அவற்றுட் சிலவற்றை வெளியிட்டு, விலங்குக் காப்பகமொன்றிற்கு நன்கொடை அளிக்கும் ஸ்தாபனத்தின் மடலை நீக்குவதாகவும் கூறினார். இரக்கமுள்ள ஒருவர் கையிற் கிடைத்தமையால் அது வேடிக்கையாய் முடிந்தது. வஞ்சகர் ஒருவர் கையிற் கிடைத்திருப்பின் விளைவு யாதாகும் என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மற்றொரு நிகழ்ச்சி இதனினும் பெரியது. மைக்ரோசொப்ட் ஸ்தாபனத்தின் விண்டோஸ் 2000 காலத்து வலையமைப்பு நிரல்களிலே, உள்ளக வலையமைப்பின் பெயருக்கு 'கோர்ப்' என்னும் சொல் மாதிரியாக அமைந்திருந்தது. மாற்றியெழுத வேண்டிய அப்பெயரைப் பல ஸ்தாபனங்கள் மாற்றாமலே விட்டன. அலுவலகத்தினுள் இருக்கும்வரை தீங்கில்லை. உத்தியோகத்தர் தம் கணினியை வெளியே எடுத்துச் சென்றதும், அது தன் அலுவலகத்தைத் தேடி, கோர்ப் டொட் கொம் என்னும் அந்நிய முகவரிக்குச் செய்தி விடுக்கத் தொடங்கிற்று. அப்பெயரையோ தனியார் ஒருவர் 1994ஆம் ஆண்டு முதல் வைத்திருந்தார். 2019ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் நோக்கியபோது, 375,000க்கு மேற்பட்ட கணினிகள் அம்முகவரியை நாடக் கண்டனர். அங்கே மின்னஞ்சலைப் பெறுவதற்கு வழி திறந்து பார்த்தபோது, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் 12 மில்லியனுக்கு மேற்பட்ட மடல்கள் வந்து விழுந்தன. அவர்கள் அச்சோதனையை உடனே நிறுத்தினர். 2020ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் மைக்ரோசொப்ட் ஸ்தாபனமே அப்பெயரை விலைகொடுத்து வாங்கிற்று. மாற்றாது விட்ட ஒரு சொல்லை மீட்பதற்கு இருபது ஆண்டுகளும் பெரும்பொருளும் செலவாயின.

இவற்றால் அறியத்தகும் ஒழுங்கு சுருக்கமானது. எடுத்துக்காட்டு எழுதுவோர் எக்ஸாம்பிள் என முடியும் பெயரையோ, காப்பிலுள்ள மூன்று பெயர்களில் ஒன்றையோ எழுதவேண்டும். சோதனை மடல்களைச் சோதனைக்கென ஒதுக்கிய பெயருக்கே விடுக்கவேண்டும். பதில் வேண்டாத மடலை அனுப்புவோர் தமது சொந்த ஆள்களத்தின் முகவரியையே அனுப்புநராகக் காட்டவேண்டும். திரும்பிவருவது தம் வாசலுக்கே திரும்பிவரும். வழுவுற்ற மடலைப் பிறரிடம் காட்டி ஆலோசனை கேட்போர், அதிலுள்ள உண்மைப் பெயர்களை நீக்கி ஒதுக்கப்பட்ட பெயர்களை இடவேண்டும். ஆயின் வழு எங்கே உள்ளதோ அவ்விடத்துப் புள்ளியையும் வெற்றிடத்தையும் வெறுவரியையும் உள்ளவாறே விட்டுவைக்கவேண்டும். அவற்றைத் திருத்திக் காட்டினால் நோயை மறைத்து வைத்தியரிடம் சென்றதாகும்.

இவ்வரலாற்றில் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆங்கிலமல்லாத எழுத்துகளிலும் ஆள்களப் பெயர்களை அமைக்கலாமா என 2007ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் உலகளாவிய சோதனையொன்று தொடங்கிற்று. அதற்குத் தேர்ந்த பதினொரு மாதிரிப் பெயர்களுள் தமிழ்ப் பெயரும் ஒன்று. 'உதாரணம்' என்னும் சொல்லும், 'பரிட்சை' என்ற எழுத்துக்கூட்டலுடன் பரீட்சை என்னும் சொல்லும் சேர்ந்து அம்முகவரியாய் நின்றன. எவருக்கும் உரிமையன்றி, யாவரும் சோதித்துப் பார்க்கத்தக்கதாய் ஒரு தமிழ் முகவரி இணையத்தில் வீற்றிருந்தது. அச்சோதனை பயன் தந்தமையின், 2010ஆம் ஆண்டில் 'இலங்கை' என்னும் சொல்லே தமிழெழுத்தில் நம் நாட்டின் ஈற்றுப் பெயராயிற்று. பணி முடிந்த பரிட்சைப் பெயர் 2013ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

உதாரணம் என்ற பெயரில் எதனையும் எழுதலாம் என்று எண்ணுவது மனித இயல்பு. ஆயின் எழுதுவோனுக்கு வெறும் உதாரணமாகத் தோன்றுவது, அறியாத ஒருவரின் இல்லமாக இருக்கக்கூடும். பிறர் நிலத்தில் தன் மாதிரி வீட்டைக் கட்டலாகாது என்ற பழைய மரியாதையே, 2606ஆம் அறிக்கையின் நான்கு சிறு சொற்களுள் அடங்கிக் கிடக்கின்றது. தலைப்பகுதியின் ஒவ்வொரு புள்ளியையும் செவ்வனே இடுவதும், எடுத்துக்காட்டுக்கும் உரிய முகவரியைத் தெரிந்து எழுதுவதும், கண்ணாற் காணாத அயலாருக்குச் செய்யும் உபகாரங்களாகும்.